ரெங்கம் மண்ணு: நம்ம ஊரு மண்ண பத்தி எல்லாரும் கேக்குற கேள்விங்க

மலேசியாவுல ஜொகூர் மாநிலம், ரெங்கம், லாயாங் லாயாங், குளுவாங் சுத்து வட்டாரத்துல தோட்டத்துல பொறந்து வளந்து இப்ப தாமான்ல (குடியிருப்பு பகுதி) வீடு வாங்கி பின்னாடி கொஞ்சம் எடம் வெச்சிருக்கவங்க, அப்பா காலத்துல வாங்குன ரெண்டு மூணு ஏக்கர்ல செம்பனை (எண்ணெய் பனை) போட்டிருக்கவங்க, இவங்க தான் அதிகமா கேக்குறாங்க. கல்யாண வீட்டுல சாப்புட்டு கை கழுவுறதுக்குள்ள யாராச்சும் மண்ண பத்தி ஆரம்பிச்சிடுவாங்க, நானும் வாய் சும்மா இல்லாம பதில் சொல்லுவேன். திரும்ப திரும்ப வந்த கேள்விய எல்லாம் இங்க சேத்து வெச்சிட்டேன். பாஜா (உரம்) கடைக்கு போறதுக்கு முன்னாடி உங்க நெலம் மேட்டுல இருக்கா, சரிவுல இருக்கா, பள்ளத்துல இருக்கான்னு ஒரு தடவ நடந்து பாத்துட்டு வந்து படிங்க, பாதி பதில் அங்கயே கெடச்சிடும்.

ரெங்கம் மண்ணுன்னா நம்ம ரெங்கத்துல மட்டும் இருக்குற மண்ணா?

இல்லைங்க. பேரு தான் நம்ம ஊரு பேரு. மண் சர்வே பண்றவங்க ஒரு வகை மண்ண எந்த ஊருல நல்லா பாத்து குறிச்சாங்களோ அந்த ஊரு பேரையே வெச்சிடுவாங்க, அதுக்கு சீரிஸ்னு சொல்வாங்க, மலாய்ல சிரி. செர்டாங், புங்கோர், மூஞ்சோங், செகாமாட், குவாந்தான், மலாக்கா எல்லாம் அப்படி வந்த பேருங்க தான். ரெங்கம் சீரிஸ் தீபகற்பத்துல கருங்கல் மலை, குன்று எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் கெடைக்கும், நெகிரி செம்பிலான், சிலாங்கூர் உள்பக்கம், பேராக், பகாங்னு பரவி கெடக்கு. அதே நேரம் நம்ம ஊருல இருக்குற மண்ணு எல்லாமே ரெங்கம் சீரிஸ்னும் கெடையாது, ஆத்தோரம் ஒண்ணு, மேட்டுல ஒண்ணு. அப்புறம் இன்னொன்னு, சிம்பாங் ரெங்கம் வேற ஊரு, ரெங்கம் வேற ஊரு, வெளியூர்க்காரங்க ஹைவேல சிம்பாங் ரெங்கம் போர்ட பாத்துட்டு ரெங்கம் வந்துட்டோம்னு போன் பண்ணுவாங்க பாருங்க, அது தனி கத.

இந்த மண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?

கருங்கல்லுலேர்ந்து. கிரானைட்னு சொல்றது அது தான். குளுவாங் பக்கம் தெரியுற குனோங் லம்பாக், அதுக்கு கெழக்கே 1,010 மீட்டர் ஒசரத்துல நிக்கிற குனோங் பெலுமுட், ரெண்டும் அந்த கருங்கல் மலைங்க தான். கிரானைட்டுல முக்கியமா மூணு சாமான் இருக்கு: கண்ணாடி துண்டு மாதிரி குவார்ட்ஸ், வெள்ளையாவோ ரோஸ் கலர்லயோ இருக்குற பெல்ஸ்பார், பளபளன்னு தகடு தகடா அப்ரகம், மைக்கான்னும் சொல்லுவாங்க. நம்ம ஊருல வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல மழ, வருஷம் பூரா சூடு, இதுல லட்சக்கணக்கான வருஷம் ஊறுனா என்னாகும். பெல்ஸ்பார் கரைஞ்சு கயோலின் களிமண்ணா மாறிடுது, அப்ரகம் அதுல இருக்குற இரும்ப விட்டுட்டு போயிடுது, அந்த இரும்பு தான் மண்ணுக்கு மஞ்ச பழுப்பு நெறம் குடுக்குது, குவார்ட்ஸ் மட்டும் எதுக்கும் அசையாம பருமணலா அப்படியே நிக்குது. களியும் பருமணலும் ஒண்ணா சேந்து இருக்குறதுக்கு காரணம் இது தான், யாரும் கொண்டாந்து கலக்கல.

தோட்டத்துல ரோடு போட மேட்ட வெட்டியிருப்பாங்கள்ல, அங்க போய் நின்னு பாருங்க, எல்லாம் தெரியும். மேல ஒரு சாண் கொஞ்சம் கருப்பு கலந்த பழுப்பு, வேரு நெறைய. அதுக்கு கீழ மஞ்ச பழுப்பு, ஒரு மீட்டர் ஒண்ணர மீட்டருக்கு பெருசா மாத்தமே இருக்காது, கோடு கிழிச்ச மாதிரி அடுக்கு தெரியாது, மெதுவா களி கூடிக்கிட்டே போகும். இன்னும் கீழ போனா செவப்பு, வெள்ளை, ரோஸ் எல்லாம் திட்டு திட்டா வரும், பாக்க கல்லு மாதிரியே இருக்கும், வெரல வெச்சு அழுத்துனா பொடிஞ்சிடும். அது மக்கி போன கருங்கல், மண்ணா மாறி முடியல இன்னும்.

கையில எடுத்து பாத்து எப்படி கண்டுபுடிக்கிறது?

மேல் மண்ண ஒதுக்கிட்டு ஒரு முழம் தோண்டுங்க, ஒரு பிடி எடுங்க, தண்ணி கொஞ்சம் கொஞ்சமா விட்டு பிசைங்க. ரெங்கம் மண்ணா இருந்தா உருண்டை புடிக்க வரும், நாடா மாதிரி அழுத்துனா கொஞ்ச தூரம் வந்து ஒடஞ்சிடும், ஆனா வெரலுக்கு நடுவுல நறநறன்னு பருமணல் உறுத்திக்கிட்டே இருக்கும். காதுகிட்ட வெச்சு தேச்சா சத்தமே கேக்கும். கையில ஒட்டுன களிய கழுவிட்டு உள்ளங்கைய வெயில்ல காட்டுங்க, கண்ணாடி தூள் மாதிரி குவார்ட்ஸ் மின்னும், ஓரம் கூரா இருக்கும். நறநறப்பே இல்லாம வழுவழுன்னு நல்லா நாடா வந்துச்சுன்னா அது ஷேல் கல்லுலேர்ந்து வந்த மூஞ்சோங் மாதிரி மண்ணு. களி கொறஞ்சு நைஸ் மணலா இருந்தா செர்டாங் பக்கம். உருண்டையா கரும்பழுப்பு சரளக்கல் நெறைய வந்தா மலாக்கா சீரிஸ். ஜொகூர்ல பழைய ஆத்து மண்ணுலேர்ந்து வந்த ஹாரிமாவ் சீரிஸ் ஒண்ணு இருக்கு, அது தான் கொழப்பும், அதுக்கு கை மட்டும் பத்தாது, எடத்தையும் பாக்கணும்.

செவப்பா இருந்தா தான் நல்ல மண்ணுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு, நம்ம மண்ணு மஞ்சளா இருக்கே?

தாத்தா சொன்னதுல பாதி சரி. செகாமாட், குவாந்தான் பக்கம் எரிமலை பாறையிலேர்ந்து வந்த மண்ணு நல்ல செவப்பு, அதுல இரும்பு அதிகம், மண்ணு பொலபொலன்னு இருக்கும். நம்ம கருங்கல்லுல இரும்பு கம்மி, அதனால மஞ்ச. ஆனா செவப்புன்னா சத்துன்னு அர்த்தம் இல்ல, செவப்பு மண்ணும் நல்லா கழுவி போன மண்ணு தான், பாஸ்பேட்ட புடிச்சு வெச்சுக்கிட்டு செடிக்கு குடுக்காம இருக்குறதுல அது இன்னும் மோசம். நெறத்துல நீங்க பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: மஞ்சளோ செவப்போ ஒரே சீரா இருந்தா தண்ணி நல்லா எறங்குதுன்னு அர்த்தம், சாம்பல் நெறமும் துரு புள்ளியும் தெரிஞ்சா தண்ணி நிக்குது.

ஒரே தோட்டம், ஒரே பாஜா, மேட்டுல ஒரு மாதிரி காய்க்குது, பள்ளத்துல ஒரு மாதிரி, ஏன்?

இது தான் எனக்கு புடிச்ச கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

கிரானைட் நெலம்னா உருண்ட முதுகு குன்று, அடுத்து சின்ன பள்ளம், மறுபடி குன்று, அலை மாதிரி போகும். ரெங்கம் சீரிஸ்ங்கிறது அந்த குன்றோட முதுகுலயும் சரிவுலயும் இருக்குறது. முதுகுல தண்ணி நேரா கீழ எறங்கும், மண்ணு ஆழம், பிரச்சன கம்மி. சரிவுல பாதி தண்ணி எறங்கும், பாதி ஓடும், ஓடுற தண்ணி மேல் மண்ண அள்ளிக்கிட்டு போவும், அதனால நடு சரிவுல கருப்பு மண்ணு மெல்லிசு, சில எடத்துல செம்பனை வேரு வெளிய தெரியும், அடி மரம் மேடை போட்டு நிக்கிற மாதிரி இருக்கும். மேலேர்ந்து வந்த மண்ணு எல்லாம் அடிவாரத்துல தங்கும், அங்க மேல் மண்ணு தடிப்பு, ஈரமும் நிக்கும், என்ன கேட்டா ஒரு தோட்டத்துலயே நல்ல எடம் அது தான், பழைய ஆளுங்க வாழை, மரவள்ளி எல்லாம் அங்க தான் போடுவாங்க.

அதுக்கும் கீழ பள்ளம். அங்க ரெங்கம் மண்ணே கெடையாது, அடிச்சுக்கிட்டு வந்த மண்ணு. தோண்டுனா கொஞ்ச ஆழத்துலயே சாம்பல் நெறம், வேரு போன வழிய சுத்தி ஆரஞ்சு துரு, சில நேரம் அழுகுன முட்டை நாத்தம். தண்ணி நின்னு காத்து போகாததால இரும்பு கரைஞ்சு போயிடுது, அதான் நெறம் போச்சு. இங்க செம்பனை நட்டா தண்ணி வடிய கான் வெட்டணும், வேரு தண்ணிக்குள்ள நின்னா பாஜா எவ்வளவு கொட்டுனாலும் எடுக்காது. 2006 டிசம்பர், 2007 ஜனவரி வெள்ளத்துல குளுவாங் பக்கம் முங்குனப்ப எந்தெந்த எடம் முங்குச்சுன்னு பெரியவங்கள கேளுங்க, மண் மேப் இல்லாமயே பள்ளம் எதுன்னு அவங்க சொல்லிடுவாங்க. 2023 மார்ச்லயும் ஜொகூர்ல வந்துச்சே, அது இளசுங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

அதனால மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே பாஜா, ஒரே அளவுன்னு போடுறது சரி கெடையாது. பெரிய தோட்டத்துல அதுக்கு தான் பிளாக் பிரிச்சு எலை டெஸ்ட் தனித்தனியா எடுக்குறாங்க.

நெலத்துல அங்கங்க பெரிய உருண்ட கல்லு இருக்கே, யாராச்சும் கொண்டாந்து போட்டதா?

இல்ல, அது அங்கயே பொறந்தது. கருங்கல் பாறையில குறுக்கும் நெடுக்கும் வெடிப்பு இருக்கும், தண்ணி அந்த வெடிப்பு வழியா போயி மூலைய தான் மொதல்ல தின்னும், நடுவுல இருக்குறது உருண்டையா தங்கிடும். சுத்தி இருக்குற மண்ணு மழையில போனதும் கல்லு வெளிய வந்து நிக்கும். அதுல ஒண்ணு ரெண்டுக்கு மஞ்ச பூசி முனியாண்டி கோயில் ஆக்கிட்டோம், அது நல்ல விஷயம் தான், தொரையே வந்தாலும் அந்த கல்ல புல்டோசர் வெச்சு தள்ள மாட்டாரு.

சத்தே இல்லாத மண்ணுன்னு படிச்சவங்க சொல்றாங்க, அப்புறம் எப்படி நூறு வருஷமா பால் மரமும் (ரப்பர்) செம்பனையும் இதுல தளதளன்னு வளந்துச்சு?

ரெண்டும் உண்மை. நல்ல உடற்கட்டு, பையில காசில்லாத ஆள் மாதிரி இந்த மண்ணு. உடற்கட்டுன்னா என்ன? ஆழம் இருக்கு, ஒரு மீட்டருக்கு மேல வேரு தடையில்லாம எறங்கும். களி இருந்தாலும் இரும்பு அந்த களிய சின்ன சின்ன பருக்கையா கட்டி வெச்சிருக்கு, அதனால பேஞ்ச மழ தேங்காம எறங்குது, பிப்ரவரி மார்ச்ல கொஞ்ச நாள் காஞ்சாலும் கீழ ஈரம் இருக்கு. பால் மரத்துக்கு இத விட என்ன வேணும், அதுக்கு மொதல்ல எடம் தான் வேணும், சத்து கொஞ்சமா கேக்கும். 1909ல ஜொகூர் பாரு வரைக்கும் ரயில் பாத வந்ததும் வரிசையா தோட்டம் தொறந்து நம்ம ஆளுங்கள கொண்டாந்து எறக்குனாங்க. காட்ட வெட்டி எரிச்சப்ப காட்டோட சாம்பலும் மக்குன எலையும் மேல் மண்ணுல இருந்துச்சு, மொத தலமொறை மரம் அத சாப்புட்டு வளந்துச்சு.

இப்ப காசு விஷயம், அதாவது சத்து. பிஎச், அதான் புளிப்பு அளவு, 4லேர்ந்து 5க்குள்ள தான், எண்ணு கொறஞ்சா புளிப்பு கூடும், இது நல்ல புளிப்பு. கயோலின் களி சத்த புடிச்சு வெச்சுக்குற களி கெடையாது, நீங்க போடுற பொட்டாஷ், மெக்னீசியம் எல்லாம் பெரிய மழையில கீழ எறங்கி போயிடும். புளிப்பு அதிகமானதால அலுமினியம் கரைஞ்சு வந்து சோளம், பயறு மாதிரி செடியோட வேர் நுனிய கெடுக்கும். இருக்குற கொஞ்சம் பாஸ்பேட்டையும் இரும்பும் அலுமினியமும் கட்டி வெச்சுக்கும்.

செம்பனை பால் மரம் மாதிரி இல்ல, அது பெருந்தீனிக்காரன். ஒவ்வொரு லோரி குலை மில்லுக்கு போறப்பவும் அதோட பொட்டாஷ் போகுது. திருப்பி போடலன்னா அடுத்த ரெண்டு வருஷத்துல மரம் சொல்லிடும். மெக்னீசியம் கொறஞ்சா எப்படி தெரியும்னா அடி மட்டைய பாருங்க, வெயில் படுற எலை மஞ்ச ஆரஞ்சா ஆயிடும், அதே எலையில மேல இன்னொரு எலை நெழல் விழுந்த எடம் மட்டும் பச்சையாவே இருக்கும், நெழல் விழுந்த வடிவம் அச்சு எடுத்த மாதிரி தெரியும். கருங்கல் மண்ணு மேட்டுல இது ரொம்ப சகஜம், அதுக்கு கீசரைட்ங்கிற மெக்னீசியம் பாஜா போடுவாங்க.

புளிப்பா இருக்குன்னா சுண்ணாம்பு கொட்டிடலாமா?

எதுக்குன்னு பாத்து கொட்டுங்க. செம்பனை, பால் மரம், அன்னாசி மூணும் புளிப்ப தாங்கும், அதுக்கு பிஎச் ஏத்துறேன்னு காச செலவழிக்க வேணாம். இன்னும் சொல்லப்போனா பாறை பாஸ்பேட் இருக்கே, கிறிஸ்மஸ் தீவு பாஸ்பேட்னு வருமே, அது கரையறதுக்கே புளிப்பு வேணும், நம்ம மண்ணு அந்த வேலைய சும்மா செய்யுது.

காய்கறி, சோளம், கச்சான் போடுறீங்கன்னா கத வேற. பிஎச் 5.5க்கு மேல போனா அலுமினியம் அடங்கிடும், அது போதும். ஜிஎம்எல்னு டோலோமைட் சுண்ணாம்பு பாஜா கடையில கெடைக்கும், அதுல மெக்னீசியமும் சேந்து வருது. ஹெக்டருக்கு 2லேர்ந்து 4 டன் கணக்கு, வீட்டு பாத்திக்குன்னா ஒரு சதுர மீட்டருக்கு 200லேர்ந்து 400 கிராம், நல்லா கொத்தி கலந்து விட்டுட்டு ரெண்டு வாரம் கழிச்சு விதை போடுங்க. யூரியாவையும் சுண்ணாம்பையும் ஒரே நாள்ல சேத்து போடாதீங்க, மூக்க பொத்துற வாசன வரும், அது உங்க காசு ஆவியா போற வாசன.

தாமான் வீட்டு பின்னாடி முருங்கை, கருவேப்பிலை எது வெச்சாலும் நோஞ்சானாவே இருக்கு. மண்ணு அதே ரெங்கம் மண்ணு தானே, எங்க ஆன்ட்டி வீட்டுல மட்டும் எப்படி நல்லா வருது?

தாமான் கட்டுறப்ப மேட்ட வெட்டி பள்ளத்த மூடுவாங்க. உங்க வீடு வெட்டுன பக்கமா மூடுன பக்கமா அத பாருங்க. வெட்டுன பக்கம்னா மேல் மண்ணு லோரில ஏறி எப்பவோ போயிடுச்சு, நீங்க நிக்கிறது மூணு நாலு மீட்டர் ஆழத்து மண்ணுல. அடையாளம் சொல்றேன்: வெள்ளை சுண்ணாம்பு கட்டி மாதிரி புள்ளி, அது மக்குன பெல்ஸ்பார், கூடவே மினுமினுக்குற அப்ரக தகடு. இது ரெண்டும் தெரிஞ்சா அதுல மக்கு ஒரு துளி இல்ல, பாஜா மட்டும் போட்டு பிரயோஜனம் இல்ல. ஆட்டு எரு, கோழி எரு, மில்லுலேர்ந்து வர காலி குலை மக்குனது, எது கெடைக்குதோ குழிய பெருசா எடுத்து பாதிக்கு பாதி கலந்து வைங்க. மூடுன பக்கம்னா புல்டோசர் ஏறி எறங்கி இறுகி போன மண்ணு, மழ பேஞ்சா தண்ணி நிக்கும், முருங்கைக்கு அது எமன், மேடு கட்டி தான் வைக்கணும்.

ஆன்ட்டி வீடு பழைய லயம் (தோட்டத்து ஆளுங்க குடியிருந்த வரிசை வீடு) இருந்த எடமா இருக்கும். அம்பது அறுபது வருஷம் ஆடு மாடு கோழி இருந்த மண்ணு, அங்க குச்சிய நட்டாலும் வரும்.

சரிவுல மண்ணு போகாம இருக்க என்ன பண்றது?

பருமணலும் களியும் கலந்த மண்ணு, புல்லு இருக்குற வரைக்கும் நல்லபுள்ள, வெறுமனே விட்டா ஒரே மழையில வாய்க்கால் விழும். சரிவு அதிகமா இருந்தா படி வெட்டுங்க, படி மேட்டுப் பக்கம் லேசா சாஞ்சு இருக்கணும், வெளிய சாஞ்சா தண்ணி ஓரத்த ஒடச்சிடும். 25 டிகிரிக்கு மேல இருந்தா செம்பனை ஆசைய விட்டுடுங்க, அந்த எடத்த காடாவே விட்டுடுறது தான் சரி.

வெட்டுன மட்டைய மேலேர்ந்து கீழ வரிசையா போடாம குறுக்கால, சரிவுக்கு எதிரா அடுக்குங்க, தண்ணி தட்டி நிக்கும், மண்ணும் தங்கும், மக்குன பிறகு வேரு அங்க வந்து மொய்க்கும், பெரிய மரத்துக்கு பாஜாவையே அந்த மட்ட குவியல் மேல தூவலாம். புதுசா நட்ட எடத்துல கொடி போடுங்க, பழைய ஆளுங்களுக்கு பியூராரியா, காலபோ தெரியும். இப்ப எங்க பாத்தாலும் முக்குனா பிராக்டியாட்டா தான், அது 1990கள்ல கேரளா பக்கத்து ரப்பர் தோட்டத்துலேர்ந்து நம்ம நாட்டுக்கு வந்த கொடி. நெழல்லயும் வரும், மாடு திங்காது, ஆனா நம்ம பக்கத்து சூட்டுல வெத சரியா வைக்காது, அதனால வெத வெல ஜாஸ்தி. சின்ன மரத்து மேல ஏறி அமுக்கிடும், மாசா மாசம் இழுத்து விட ஆள் இருந்தா போடுங்க, இல்லன்னா வேணாம். மரத்தடிய சுத்தி இருக்குற வட்டம் சுத்தமா இருக்கட்டும், மத்த எடத்துல எல்லா புல்லுக்கும் மருந்தடிச்சு தரைய மொட்டையடிக்காதீங்க. பக்கத்து தோட்டத்துல பாத்தா சுத்தமா தெரியுதுன்னு சொல்வாங்க, அந்த சுத்தம் எல்லாம் ஆத்துல மஞ்ச தண்ணியா ஓடிக்கிட்டு இருக்கு.

எந்த மாசம் பாஜா போடுறது?

நவம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் அடை மழையில போடாதீங்க. சுத்தமா காஞ்ச நேரத்துலயும் வேணாம். ஒரே தடவையில மூட்டைய காலி பண்ணாம ரெண்டு மூணா பிரிச்சு போடுங்க, இந்த மண்ணுல அது ரொம்ப முக்கியம், சாமான புடிச்சு வெச்சுக்க தெரியாத மண்ணு.

டுரியான் வைக்கலாமா?

தாராளமா, சரிவுலயோ அடிவாரத்துலயோ வைங்க. பள்ளத்துல வெச்சீங்கன்னா வேரழுகலும் தண்டுல புண்ணும் வரும், பைட்டோப்தோராங்கிற பூஞ்சணம் மாதிரி கிருமி, ஈரம் தான் அதுக்கு கொண்டாட்டம்.

பிள்ளைக்கு ஸ்கூல்ல மண் வகை பத்தி வேலை குடுத்திருக்காங்க, என்ன எழுதணும்?

அமெரிக்க முறையில அல்டிசால், ஐநா விவசாய சபை முறையில அக்ரிசால். ரெண்டுக்கும் சாராம்சம் ஒண்ணு தான்: நல்லா கழுவி போன, புளிப்பான, கீழ போக போக களி கூடுற மண்ணு. மலேசியாவுல பெரும்பகுதி நெலம் இந்த அல்டிசாலும் அதோட பங்காளி ஆக்ஸிசாலும் தான். மேல எழுதுன ரோட்டு மேட்டுல பிள்ளைய கூட்டிக்கிட்டு போயி ஒரு படம் எடுத்து ஒட்டுங்க, வாத்தியாரு சந்தோஷப்படுவாரு.

மண்ணு டெஸ்டுக்கு குடுக்கணும், எப்படி எடுக்குறது?

மேட்டுக்கு ஒரு வாளி, சரிவுக்கு ஒரு வாளி, பள்ளத்துக்கு ஒரு வாளி. மூணையும் கலந்தீங்கன்னா வர ரிப்போர்ட் எந்த எடத்துக்கும் பொருந்தாது. ஒவ்வொண்ணுலயும் கோணல் மாணலா நடந்து பதினஞ்சு இருவது எடத்துல 15 சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் எடுங்க, முடிஞ்சா அதுக்கு கீழ இன்னொரு 15 தனியா. போன மாசம் பாஜா போட்ட எடம், குப்ப எரிச்ச எடம், மாடு கட்டுற எடம், ரோட்டோரம் எல்லாம் வேணாம். வேரு, கல்ல பொறுக்கிட்டு நல்லா கலந்து அரை கிலோ எடுத்து நெழல்ல காய வைங்க, அடுப்புல வறுக்காதீங்க, அப்படி செஞ்ச ஆளும் இருக்காரு. பையில எடம், ஆழம், தேதி, என்ன பயிருன்னு எழுதி குளுவாங் விவசாய இலாகா ஆபீஸ்ல கேளுங்க, எங்க அனுப்பணும் என்ன கட்டணம்னு அவங்க சொல்லுவாங்க. ரிப்போர்ட் வந்ததும் பிஎச், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் இந்த நாலு வரிய மொதல்ல பாருங்க. பாஜா கடைக்காரர்கிட்ட அந்த காயிதத்த காட்டி கேளுங்க, வெறுங்கையோட போனா அவருகிட்ட எந்த மூட்டை தேங்கி கெடக்கோ அத தான் எடுத்து குடுப்பாரு.